சுதந்திர ஆராதனை என்றால் என்ன? பாட்டும் நடனமும் கைவேலையும் சபைக்குள் இயங்கும் விதம்

சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இந்தப் பேச்சு அடிக்கடி எழும். "உங்க சபையில ஆராதனை ரொம்ப சுதந்திரமா இருக்குமாமே?" என்று ஒருவர் ஆசையோடு கேட்பார். "அங்கே ஒரே ஆட்டமும் பாட்டும்தான், பயபக்தியே இல்லை" என்று இன்னொருவர் வருத்தப்படுவார். இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று விசாரித்தால், அப்படி இல்லை என்பது தெரியவரும். ஒருவருக்குச் சுதந்திரம் என்றால் டிரம்ஸும் கிதாரும். ஒருவருக்குக் கையை உயர்த்துவது. மற்றொருவருக்கு அது மணிக்கணக்கில் நீளும் கூட்டம். பாமாலை என்னும் பழைய ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டால் சுதந்திரம் வந்துவிடும் என்று நினைக்கும் வாலிபர்களும் உண்டு.

இப்படிப் பேசிப் பேசியே சபைகளுக்குள் மனக்கசப்பு வளர்ந்திருக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்து எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். இசைப் பயிற்சியோ இறையியல் படிப்போ இல்லாதவருக்கும் புரியவேண்டும் என்பதே என் எண்ணம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் இருப்பவர் என்னவெல்லாம் செய்கிறார் என்பதைக் கொண்டு ஓர் ஆராதனையின் சுதந்திரத்தை அளக்க முடியாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கு அதில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதே அளவு.

ஆராதனையும் அதன் ஒழுங்கும்

ஆராதனை என்பது கடவுளுக்கு உரிய மதிப்பை அவருக்குச் செலுத்துவது. பாட்டு அதன் ஒரு பகுதி மட்டுமே. ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து, காணிக்கை, மௌனம் எல்லாமே ஆராதனைதான். சரீரத்தையே ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும்போது, ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி முழு வாழ்க்கையையும் அதற்குள் கொண்டுவருகிறார். நம் பேச்சு வழக்கில் "ஆராதனை நேரம்" என்றால் பாடும் அரைமணி நேரம் என்றாகிவிட்டது. குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது, ஆராதனை ஒழுங்கு. எதற்குப் பின் எது வரும் என்ற வரிசையைத்தான் அப்படிச் சொல்கிறோம். கத்தோலிக்கத் திருப்பலியிலும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் ஆராதனைகளிலும் இது அச்சிட்ட வடிவில் இருக்கும். பெந்தெகொஸ்தே சபையில் தாளில் எதுவும் இருக்காது. ஆனாலும் நாலு வாரம் தொடர்ந்து போனால் அங்கும் ஒரு வரிசை இருப்பது தெரிந்துவிடும். வேகமான துதிப் பாடல்கள், அப்புறம் மெதுவான பாடல்கள், அப்புறம் ஜெபம், சாட்சி, செய்தி. ஒழுங்கே இல்லாத ஆராதனை என்று எங்கும் கிடையாது.

சரி, ஒழுங்கு இருக்கும்போது சுதந்திரம் எங்கிருந்து வரும்? கிறிஸ்துமஸ் அன்று ஓர் அடுக்குமாடி வீட்டில் உறவுக்காரர்கள் கூடுவதை நினைத்துப் பாருங்கள். மாமா ஒருவர் மாலை முழுக்க அருமையாகக் கதை சொல்கிறார், எல்லோரும் ரசிக்கிறார்கள். ஆனால் அங்கே பேசும் சுதந்திரம் அவர் ஒருவருக்குத்தான். எல்லோருமே ஒரே நேரத்தில் கத்தினால் பேச்சென்று ஒன்று நடக்கவே நடக்காது. யாராவது ஒருவர் பழைய தேக்காவைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்துப் போட்டால், பாட்டி ஒன்று சொல்வார், மருமகன் இடையில் ஒன்று கேட்பார், தமிழ் தடுமாறும் பேரப்பிள்ளைகூட ஒரு சொல் சேர்ப்பாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயமும், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் பழக்கமும் இருப்பதால்தான் அந்த வீட்டில் எல்லோரும் வாய் திறக்கிறார்கள். ஆராதனையிலும் இதுதான் நடக்கவேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். ஆராதனை பாட்டைவிடப் பெரியது, எந்த ஆராதனைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கு எத்தனை பேருக்குக் கதவைத் திறக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

தாவீது ஆடியதற்கு முன் நடந்தது

நடனம், இசை என்று பேச்செடுத்தாலே தாவீது வந்துவிடுவார். தேவ பிரசன்னத்தின் அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு முன்பாகச் சணல்நூல் ஏபோத்தை (ஆசாரியர் அணியும் மேலங்கி) உடுத்திக்கொண்டு முழுப் பலத்தோடும் அவர் நடனமாடியது 2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்த அவர் மனைவி மீகாள் அவரை மனதில் அவமதித்தாள். "மீகாளைப் போல இருக்காதீர்கள்" என்று சொல்லி, நடனத்தை எதிர்ப்பவர்களின் வாயை அடைக்க இந்தப் பகுதியைப் பயன்படுத்துகிறவர்கள் பலர்.

அதே அதிகாரத்தின் தொடக்கத்தையும் வாசிக்கவேண்டும். பெட்டியைக் கொண்டுவர முதல்முறை முயன்றபோதும் இசை இருந்தது. சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம் என்று எல்லா வாத்தியங்களும் முழங்கின. ஆனால் பெட்டியை ஒரு புது ரதத்தில் ஏற்றியிருந்தார்கள். மாடுகள் மிரண்டன, பெட்டியைப் பிடிக்கக் கையை நீட்டிய ஊசா அங்கேயே இறந்தான். பெட்டி மூன்று மாதம் ஓபேத்ஏதோமின் வீட்டில் இருந்தது. முதல்முறை முறைப்படி செய்யவில்லை என்று தாவீதே பின்னர் சொன்னதை 1 நாளாகமம் 15ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. இரண்டாம்முறை, ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியர்கள் பெட்டியைத் தண்டுகளால் தோளில் சுமந்தார்கள். பாடகர்கள் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டார்கள். பாட்டைக் கற்பிக்கக் கெனானியா என்பவர் தலைவராக இருந்தார், காரணம் அவர் அதில் நிபுணர். தாவீதின் நடனம் இத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவில்தான் வருகிறது.

அந்த நாள் முடிந்த விதமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாவீது ஜனங்களை ஆசீர்வதித்து, ஆண்கள் பெண்கள் என்று பாராமல் ஒவ்வொருவருக்கும் அப்பமும் இறைச்சியும் பங்கிட்டுக் கொடுத்து அனுப்புகிறார். ராஜாவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மட்டும் யாரும் வீடு திரும்பவில்லை.

செங்கடலைக் கடந்தபின் மிரியாம் தம்புரை எடுத்ததும் (யாத்திராகமம் 15) இதே மாதிரிதான். எல்லாப் பெண்களும் தம்புருகளோடும் நடனத்தோடும் அவள் பின்னால் புறப்பட்டார்கள், மிரியாம் அவர்களுக்குப் பிரதிவசனமாகப் பாடினாள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்ளும் பாட்டு அது.

பல்லவி செய்யும் வேலை

சேர்ந்து பாடுவது எப்படிச் சாத்தியமாகிறது என்று இனிப் பார்க்கலாம். நம் கீர்த்தனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கீர்த்தனைக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று பகுதிகள். பல்லவி என்பது திரும்பத் திரும்ப வரும் தொடக்க அடி, அனுபல்லவி அதை அடுத்து வரும் அடி. சரணம் ஒவ்வொன்றும் புதுச் செய்தியைச் சொல்லும், முடிந்ததும் பாட்டு பல்லவிக்குத் திரும்பும். இந்தத் திரும்புதலில்தான் சூட்சுமம் இருக்கிறது. சரணங்களை ஒருவர் முன்னின்று பாடினாலும், பல்லவி வரும்போது எழுதப் படிக்கத் தெரியாதவரும் புத்தகம் இல்லாதவரும் பயமின்றிச் சேர்ந்துகொள்ளலாம். இரண்டாவது சுற்றுக்குள் வரி மனதில் ஏறிவிடும்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாருக்கு (1774–1864) இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸிடம் படித்தவர் அவர், இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவையும் பெற்றவர். ஐரோப்பிய ராகங்களில் அமைந்த ஞானப்பாட்டுகள் ஏற்கெனவே சபைகளில் இருந்தும், தமிழ் ராகங்களிலும் தாளங்களிலும் எழுதிக் குவித்தார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி 1800 வாக்கில் எழுந்தது. குறவஞ்சி என்பது ஆடிப் பாடி நடிக்கும் நாட்டிய நாடக வகை. தலைவனை நினைத்து உருகும் தலைவிக்குக் குறத்தி வந்து குறி சொல்லுவாள். சாஸ்திரியாரின் குறவஞ்சியில் தலைவன் கிறிஸ்து, தலைவி திருச்சபை. தமிழ்க் கிறிஸ்தவத்துக்குள் நாட்டியமும் நாடகமும் நேற்று வெளிநாட்டிலிருந்து இறங்கியவை என்று சொல்பவர்கள் இந்த 200 ஆண்டு வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கவேண்டும்.

இந்தப் பல்லவி சூட்சுமம் சிங்கப்பூரில் இன்று வேறொரு வடிவில் உதவுகிறது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், ஆனால் வேகமாக வாசிக்கத் திணறுவார்கள். திரையில் ஓடும் சரணத்தைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் பல சபைகளில் தமிழ் எழுத்துக்குக் கீழே ரோமன் எழுத்திலும் வரிகளைப் போடுகிறார்கள். இதைத் தமிழுக்குச் செய்யும் துரோகமாகப் பார்க்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் கருத்து மாறவில்லை: வாயை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளையைவிட, ரோமன் எழுத்தைப் பார்த்தாவது தமிழில் பாடும் பிள்ளை மேல். அந்தப் பிள்ளையையும் முதலில் இழுத்துச் சேர்ப்பது பல்லவிதான்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோஃபிலஸ் அப்பாவு (1940–2005) இன்னும் ஒரு படி மேலே போனார். "பரட்டை" என்று அழைக்கப்பட்ட அவர், கிராமியப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கிராமியப் பாட்டைப் பாடுகிறவரே தன் வாழ்க்கைக்கு ஏற்றபடி வரியை மாற்றிப் பாடலாம். பயிற்சி பெற்ற வித்வான் யாரும் வந்து தப்பு சொல்லமாட்டார். ஒடுக்கப்பட்ட மக்களின் ஆராதனைக்கு இதுதான் பொருத்தம் என்பது அவருடைய வாதம். சாதியின் பெயரால் தீட்டு என்று ஒதுக்கிவைத்த பறையை ஆலயத்துக்குள் அடித்தது சாதாரண விஷயம் அல்ல.

ஆக, பல்லவி என்பது அலங்காரத்துக்கு வைத்தது அல்ல, எல்லோரும் உள்ளே வருவதற்கான வாசல். பாட்டு யாருக்குச் சொந்தமோ அவர்களுக்கு அதை மாற்றிப் பாடும் உரிமையும் உண்டு.

சுருதி, தாளம்: யாரும் பேசாத தடைகள்

சபையார் பாடவில்லை என்றால் உடனே "ஆவியில் அனல் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் காரணம் அவ்வளவு பெரியது இல்லை. சுருதி உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சுருதி என்பது பாட்டு நிற்கும் அடிப்படை ஒலி. நம் ஊரில் அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்தாயி என்பது கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரையான தூரம். பயிற்சி இல்லாத ஒருவரால் சிரமமின்றிப் பாட முடிவது ஏறக்குறைய ஒரு ஸ்தாயியும் அதற்குக் கொஞ்சம் மேலும்தான். ஒலிப்பதிவில் பாடுபவர்கள் இந்த எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டுவார்கள், அது அவர்கள் தொழில். அதே பாட்டை அதே சுருதியில் ஞாயிறு காலை பாடச் சொன்னால், மேலே ஏறும் அனுபல்லவியில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

ஒத்திகையில் இதைக் கவனித்துப் பாருங்கள். பாட்டு 3 கட்டையில் இருக்கிறது. கீபோர்டு வாசிக்கும் தம்பி, சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனில் குறைக்கும் பக்கத்தை மூன்றுமுறை தட்டுகிறான். பாட்டு ஒன்றரைக் கட்டைக்கு இறங்குகிறது. "இப்ப டல்லா இருக்கே அண்ணா" என்று ஆராதனை நடத்துபவரிடம் சொல்கிறான். அவன் சொல்வது உண்மைதான். மேடையிலிருந்து கேட்கும்போது அந்தப் பளபளப்பு குறைந்துவிட்டது. ஆனால் நாலாவது வரிசையில் ஒத்திகைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் அக்கா, புத்தகம் பார்க்காமல் உச்ச வரியைச் சேர்ந்து பாடத் தொடங்குகிறார். மூன்று தட்டில் கிடைத்த சுதந்திரம் அது. மேடைக்குக் கொஞ்சம் நஷ்டம், சபைக்கு லாபம். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரே நல்ல ஆராதனைத் தலைவர் என்பது என் எண்ணம். பாடலை எடுத்துக்கொடுத்து, எப்போது திரும்ப, எப்போது நிறுத்த என்று சபையை நடத்துபவர் அவர். சில சபைகளில் ஆராதனை வீரர் என்பார்கள்.

தாளமும் அப்படித்தான். பல கீபோர்டுகளில் பதிந்துவைத்த ரிதம் ஓடும். போட்டுவிட்டால் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்கும், வசதியானது. ஆனால் வரிமுடிவில் மூச்செடுக்க முதியவர்களுக்கு அரைநொடி கூடுதலாகத் தேவைப்பட்டால் அது கொடுக்காது. தபேலா வாசிப்பவர் கொடுப்பார். அவர் சபையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே அடிக்கிறார். இயந்திர ரிதம் கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன். வாத்தியக்காரர்கள் கிடைக்காத சின்னச் சபைகளுக்கு அது பெரிய உதவி. வேகத்தை ஒரு படி குறைத்துவைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தன்னிச்சைப் பாட்டு என்று ஒன்று உண்டு. எழுதிவைக்காத வார்த்தைகளில், அந்த நேரத்து ஜெபத்தையே பாடுவது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் திடீரென்று நடப்பதுபோல் இருக்கும். உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாத்தியக்காரர்கள் மூன்று நான்கு கார்டுகளை (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) மட்டும் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். தலைவர் ஒரு சிறு வரியைப் பாடுவார், சபை அதைப் பிடித்துக்கொள்ளும். பல்லவிக்குத் திரும்ப ஒரு கைச்சைகை, வாத்தியத்தை நிறுத்த ஒரு கைச்சைகை என்று ஒத்திகையிலேயே பேசிவைத்திருப்பார்கள். இந்த ஏற்பாடு இல்லையென்றால் தன்னிச்சைப் பாட்டு தலைவரின் தனிப்பாட்டாகிவிடும், சபை வேடிக்கை பார்க்கும்.

மனம் பொங்குவதும் ஆவியானவரும்

இங்கே ஒரு கடினமான கேள்வி வருகிறது. பாடும்போது கண்ணீர் வருகிறது, மயிர்க்கூச்செறிகிறது. அது பரிசுத்த ஆவியானவரின் வேலையா, இசையின் வேலையா?

சேர்ந்து பாடுவது உடலைத் தொடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்றாகப் பாடுபவர்களின் இதயத் துடிப்பு ஒன்றுபோல் ஏறி இறங்குவதைக் கண்டார்கள். பாட்டின் வரிகள் மூச்சை ஒழுங்குபடுத்துகின்றன, மூச்சு இதயத்தை ஒழுங்குபடுத்துகிறது. கடைசிச் சுற்றில் சுருதியை அரைப்படி ஏற்றினாலும் கூட்டம் எழும்பும் என்று எந்த வாத்தியக்காரருக்கும் தெரியும். விசுவாசம் இல்லாத கச்சேரி மேடையிலும் இது நடக்கும்.

அதனால் உணர்ச்சி பொய் என்று சொல்லவரவில்லை. உடலைப் படைத்தவர் உடல் வழியாகத் தொடுவதில் என்ன தவறு? ஆனால் உணர்ச்சியை மட்டும் அளவுகோலாக வைக்கக்கூடாது. கொரிந்து சபையில் அளவுகடந்த உற்சாகம் இருந்தது. 1 கொரிந்தியர் 14இல் ஒருவன் சங்கீதம் பாடுகிறான், ஒருவன் போதகம் பண்ணுகிறான் என்று பட்டியல் போட்டு எல்லோருக்கும் இடம் கொடுக்கிறார் பவுல். உடனே, எல்லாம் பக்திவிருத்திக்கு ஏதுவாக இருக்கட்டும் என்கிறார். பக்திவிருத்தி என்றால் மற்றவரின் விசுவாசம் வளர்வது. பக்கத்தில் இருப்பவர் இதனால் கட்டியெழுப்பப்படுகிறாரா என்ற கேள்வியைத்தான் அவர் கேட்கிறார்.

ஆங்கிலிக்கன் பேராயர் சியூ பான் இட் காலத்தில், 1970களில், சிங்கப்பூரின் பிரதான சபைகளுக்குள் ஆவிக்குரிய எழுப்புதல் பரவியபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. கைதட்டலும் கையுயர்த்தலும் பெந்தெகொஸ்தே சபைகளுக்கு மட்டும் உரியவை என்ற எண்ணம் அப்போதுதான் உடையத் தொடங்கியது. புராட்டஸ்டண்ட் சபைகள் பிறந்த பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் காலத்தில் இதற்கு நேரெதிராகவும் நடந்திருக்கிறது. சூரிச் நகரில் சீர்திருத்தவாதி ஸ்விங்லியின் காலத்தில் ஆலயங்களிலிருந்து ஆர்கனையே அகற்றினார்கள். ஜெர்மனியின் சீர்திருத்தவாதி லூத்தரோ இசையை வேதாகமத்துக்கு அடுத்த இடத்தில் வைத்துப் போற்றினார். இரண்டு பேருமே பக்தியினால்தான் அப்படிச் செய்தார்கள்.

நடனம்

ஆராதனையில் நடனம் என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். பாடும்போது தானாக வரும் அசைவு ஒன்று: கைதட்டுவது, அசைந்தாடுவது, குதிப்பது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் அபிநயப் பாட்டுபோல எல்லோரும் சேர்ந்து செய்யும் அசைவு இன்னொன்று. மூன்றாவது, ஒரு குழு பயிற்சி எடுத்து சபையின் முன் ஆடுவது. முதல் இரண்டிலும் பெரிய சண்டை இல்லை. மூன்றாவதில்தான் எல்லாச் சண்டையும்.

சிங்கப்பூரில் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக இந்திய நடனம் கற்கும் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல வருடம் உழைத்துக் கற்ற கலையை அவர்கள் ஆண்டவருக்குப் படைக்க ஆசைப்படுவது இயல்பு. திருச்சியில் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி, கத்தோலிக்கத் திருச்சபையின் அரவணைப்பில் பரதநாட்டியம் கற்பிக்கும் நுண்கலை நிறுவனமாக வளர்ந்தது. எனவே இது புதுமை அல்ல.

ஆனால் தயக்கம் இருப்பவர்களை மீகாள் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். பரதம் கோவிலோடு பிறந்து வளர்ந்த கலை. மேடையில் நடராஜர் சிலை, தொடக்கத்தில் வணக்கம், சலங்கைக்குப் பூஜை என்று அதைச் சுற்றிப் பல வழக்கங்கள் உண்டு. இந்துக் குடும்பத்திலிருந்து விசுவாசத்துக்கு வந்து, அதற்காக வீட்டில் விலை கொடுத்த ஒரு சகோதரிக்கு அந்தச் சலங்கைச் சத்தம் வேறு நினைவுகளைக் கிளப்பும். விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றி 1 கொரிந்தியர் 8இல் பவுல் பேசியது இப்படிப்பட்ட மனசாட்சியை மனதில் வைத்துத்தான். சாப்பிட எனக்கு உரிமை உண்டு, ஆனால் என் உரிமை ஒரு சகோதரனுக்குத் தடுக்கலாகிவிடக்கூடாது என்றார். அடுத்த வீட்டு இந்து நண்பரின் மனதையும் நினைக்கவேண்டும். அவருக்குப் புனிதமான முத்திரைகளை நாம் அலட்சியமாகக் கையாளக்கூடாது. பல மதத்தவர் ஒரே புளோக்கில் குடியிருக்கும் ஊர் இது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? நாட்டியத்தில் இரண்டு கூறுகள் உண்டு. நிருத்தம் என்பது தாளத்துக்கு ஆடும் தூய அசைவு. அபிநயம் என்பது முகபாவத்தாலும் முத்திரைகளாலும் பாட்டின் பொருளைக் காட்டுவது. சபையில் ஆடுவதற்கு அபிநயத்தை முன்னிறுத்துவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஊதாரி மகனைக் கண்டு தகப்பன் ஓடிவரும் அந்த ஓட்டத்தை ஒரு பெண் ஆடிக் காட்டும்போது, வசனத்தை நூறுமுறை கேட்டவரும் அதைப் புதிதாகக் கேட்கிறார். ஆடுவதற்கு முன் அந்த வேதபகுதியை வாசிப்பது, ஆட்டம் முடிந்ததும் கைதட்டலுக்கு இடம் விடாமல் நேராக ஜெபத்துக்கோ சபைப் பாட்டுக்கோ போவது, பல்லவியின் ஓர் எளிய கையசைவைச் சபைக்கும் கற்றுக்கொடுப்பது, இவை எல்லாமே பார்வையாளரைப் பங்காளியாக்கும் வழிகள். சலங்கை கட்டுவதா வேண்டாமா என்பதை அந்தந்தச் சபை கூடிப் பேசி முடிவெடுக்கட்டும்.

சுருக்கமாகச் சொன்னால், நடனத்தை வேதம் தடுக்கவில்லை. யாருக்காக ஆடுகிறோம், யார் மனம் புண்படும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டு ஆடவேண்டும்.

கைவேலையும் ஆராதனை

வேதாகமத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டார் என்று முதலில் சொல்லப்படுகிறவர்களில் ஒருவர், தீர்க்கதரிசி அல்ல, ஒரு கைவினைஞர். யாத்திராகமம் 31இல் வரும் பெசலெயேல். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் இவற்றில் வேலை செய்யும் திறமைக்காகவே அவர் நிரப்பப்பட்டார். பீடத்து விரிப்பில் பூவேலை செய்யும் அம்மாவும், கிறிஸ்துமஸ் குடிலுக்கு அட்டை வெட்டும் வாலிபரும் இந்த வரிசையில் வருகிறார்கள். திருவழிபாட்டுக் காலங்களுக்கு ஏற்ப ஆலயத்தின் நிறம் மாறுவதும் இப்படித்தான்: லெந்து நாட்களில் ஊதா, ஈஸ்டருக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு. மேடையேறிப் பாடக் கூச்சப்படுபவர்களுக்கு இது அருமையான இடம். நம் சபைகள் இதை இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

சிங்கப்பூர்ச் சபையின் தனிச் சிக்கல்

இங்கே தமிழ் ஆராதனைக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிய ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் 1888இல் திறக்கப்பட்டது. மெதடிஸ்ட் ஊழியம் 1885இல் சிங்கப்பூரில் தொடங்கியது, இன்று அந்தத் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கென்றே தனி மாநாட்டு அமைப்பு இருக்கிறது. ஒரே சபையில் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்பவர்கள், தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள், ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைக்கும் கட்டுமானத் தொழிலாளர்கள், யாழ்ப்பாண வேர் கொண்டவர்கள் என்று எல்லோரும் கூடுகிறார்கள். ஒருவருக்குப் பாமாலை கேட்டால்தான் ஆலயத்துக்கு வந்ததுபோல் இருக்கும். ஒருவருக்கு ஊர்க் கன்வென்ஷன் பாட்டு. பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு.

எல்லோருக்கும் பிடித்த ஒரே பாணியைத் தேடினால் கிடைக்காது. ஒரே ஆராதனையில் ஒரு பாமாலை, ஒரு கீர்த்தனை, ஒரு புதுப் பாட்டு என்று கலந்து போடுவது நடக்கக்கூடியது. என் மனதுக்குப் பிடித்த வழி வேறொன்று. பாட்டுத் தேர்வைச் சுற்றிவிடுவது. ஒரு வாரம் முதியோர் குழு தேர்ந்தெடுக்கட்டும், ஒரு வாரம் தொழிலாளர் சகோதரர்கள். விடுதியில் அவர்கள் இரவு ஜெபத்தில் பாடும் ஊர்ப் பாட்டை ஞாயிறு சபை கற்றுக்கொள்ளும்போது, அவர்கள் விருந்தாளிகளாக இருந்த நிலை மாறும்.

புதிதாகப் போகிறவருக்கு

இப்படிப்பட்ட ஓர் ஆராதனைக்கு முதல்முறையாகப் போகிறீர்களா? எல்லோரும் கையை உயர்த்தினால் நீங்களும் உயர்த்தவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உட்கார்ந்து கேட்பதும் மௌனமாக ஜெபிப்பதும் ஆராதனைதான். கையை உயர்த்தாதவரை முன்னின்று கண்டிக்கும் தலைவர், தான் சொல்லும் சுதந்திரத்தைத் தானே பறிக்கிறார். சத்தம் அதிகமாகப் பட்டால் ஒலிபெருக்கிக்குத் தள்ளி, நடுப்பகுதியில் உட்காருங்கள். பாட்டு தெரியவில்லை என்றால் சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்குக் காத்திருங்கள். உச்ச வரி எட்டவில்லை என்றால் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஏற்கெனவே அந்தச் சபையில் இருப்பவர் என்றால், பாட்டுப் பட்டியல் போடுபவரைத் தனியாகப் பார்த்து, எந்தப் பாட்டில் உங்கள் வரிசை வாயை மூடிக்கொள்கிறது என்று அன்போடு சொல்லுங்கள். மேடையிலிருந்து அவருக்கு அது கேட்காது. கையோடு, எத்தனை கட்டைக்கு இறக்கினால் எட்டும் என்பதையும் ஒத்திகையிலேயே பாடிப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.